அன்று மெழுகுவர்த்தி, இன்று மில்லிவோல்ட்

2023 ஜூன் மாதம் டைட்டன் என்ற சிறு நீர்மூழ்கி வட அட்லாண்டிக்கில் காணாமல் போனபோது, உலகெங்கும் தொலைக்காட்சித் திரைகளின் ஓரத்தில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஐந்து பேர், 96 மணி நேரத்துக்கு ஆக்சிஜன், இன்னும் இத்தனை மணி நேரம் பாக்கி. கடைசியில் அந்தக் கணக்குக்கே வேலையில்லாமல் போயிற்று. இறங்கத் தொடங்கிய சில மணி நேரத்துக்குள்ளேயே அதன் கூடு நொறுங்கிவிட்டிருந்தது. ஒருவேளை கூடு நொறுங்காமல் கடலடியில் சிக்கிக் கிடந்திருந்தால்? அப்போதும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை உறிஞ்சுகிற பொருள் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது என்பதே அது. அதைக் கேட்டவர்கள் குறைவு.

மூடிய கூட்டுக்குள் மூச்சு விடுவதைப் பற்றி மனிதன் நானூறு ஆண்டுகளாகப் படித்துவருகிறான். அந்தப் படிப்பில் பெரும்பங்கு கொட்டகையிலும் படகுத்துறையிலும் தங்கள் கையாலேயே நீர்மூழ்கி கட்டிய தனி ஆட்களுடையது. அன்று அவர்கள் கையில் மெழுகுவர்த்தி இருந்தது. இன்று அதே வேலையைச் செய்கிறவர் கையில் விரல் அளவுச் சென்சார் இருக்கிறது. இடையில் மாறியது என்ன, மாறாதது என்ன?

உடம்பே மானியாக இருந்த காலம்

1620களில் லண்டனின் தேம்ஸ் ஆற்றில் கொர்னேலிஸ் டிரெபல் என்ற டச்சுக்காரர் துடுப்புப் போட்டு ஓட்டிய நீர்மூழ்கிதான் இந்தக் கதையின் தொடக்கம். உள்ளே காற்று கெட்டதும் ஏதோ ஒரு திரவக் குப்பியைத் திறந்து அதைப் புதுப்பித்தார் என்று பிற்பாடு ராபர்ட் பாயில் எழுதிவைத்தார். அது வெடியுப்பைச் சூடாக்கிப் பெற்ற ஆக்சிஜனாக இருக்கலாம் என்பது பின்னாளைய ஊகம். ஆக்சிஜன் என்ற பெயர் பிறக்கவே அப்போது இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது.

1774இல் ஜான் டே என்பவர் பழைய பாய்க்கப்பல் ஒன்றில் மர அறை அமைத்து, பிளிமத் துறைமுகத்தருகே அதோடு மூழ்கினார். மேலே வரவேயில்லை. நீர்மூழ்கியில் இறந்ததாகப் பதிவான முதல் மனிதர் அவர்தான். உள்ளே காற்று எப்படியிருக்கிறது என்று அவருக்குச் சொல்ல எந்தக் கருவியும் கிடையாது.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் டேவிட் புஷ்னல் என்ற இளைஞர் ஓக் பலகைகளை இரும்புப் பட்டையால் இறுக்கித் தாரடித்து ‘டர்ட்டில்’ என்ற ஒற்றையாள் நீர்மூழ்கியைக் கட்டினார். வீட்டிலேயே நீர்மூழ்கி கட்டும் இன்றைய ஆர்வலர்கள் எல்லோருக்கும் அவர் முன்னோடி. அவர் செய்த காற்று ஏற்பாட்டை இன்றும் மெச்சலாம். மேல்மூடியில் இரண்டு பித்தளைக் குழாய்கள் வைத்தார். நீர் வந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு அவற்றில் இருந்தது. மேலே மிதக்கும்போது ஒரு குழாய் வழியே கெட்ட காற்றை வெளியேற்றி, மற்றொன்றின் வழியே நல்ல காற்றை இழுத்துக்கொள்ளலாம். முழுக்க மூழ்கினால் அரை மணி நேரம் தாங்கும். திசைகாட்டியையும் ஆழமானியையும் படிக்க மெழுகுவர்த்தி வைத்தால் அது ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் இருட்டில் ஒளிரும் மரக்காளானை முள்ளில் ஒட்டிவைத்தார். காற்றைக் கணக்குப் பார்த்து விளக்கைத் தேர்ந்தெடுத்த முதல் வடிவமைப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தார் கட்டிய ‘ஹன்லி’ நேர்மாறாக நடந்துகொண்டது. அதில் இருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து கைப்பிடியைச் சுழற்றி உந்துவிசிறியை ஓட்ட வேண்டும். நடுவே ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. வெளிச்சத்துக்கும் அதுதான், காற்று மானியாகவும் அதுதான். 1864இல் சார்ல்ஸ்டன் கடற்பகுதியில் எவ்வளவு நேரம் தாங்குகிறோம் என்று பார்க்கக் கலத்தைத் தரையில் இருத்திக் காத்திருந்தார்கள். எவனாவது ஒருவன் “மேலே” என்று சொன்னால் உடனே எழும்பிவிடுவது என்பது ஒப்பந்தம். 25 நிமிடத்தில் மெழுகுவர்த்தி அணைந்தது. எவனும் வாயைத் திறக்கவில்லை. 2 மணி 35 நிமிடம் கழித்துத்தான் எல்லோரும் ஒரே குரலில் “மேலே” என்றார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பம்பில் கடற்பாசி அடைத்துக்கொண்டதும், இருட்டில் தடவித் தடவி அதைப் பிரித்துச் சுத்தம் செய்ததும் அக்குழுவில் இருந்த ஒருவர் பின்னர் எழுதிய குறிப்பில் இருக்கிறது. அவ்வாண்டு பிப்ரவரி 17 அன்று ஹன்லி எதிரிக் கப்பலொன்றை மூழ்கடித்தது. அதுவும் எட்டுப் பேரோடு திரும்பாமல் போயிற்று.

அந்த மெழுகுவர்த்தி சொன்ன பாடம் கவனிக்கத் தக்கது. ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்கு இறங்கினாலே சுடர் அணைந்துவிடும். மனிதன் அதற்குப் பிறகும் உயிரோடிருப்பான். எனவே சுடர் அணைந்ததும் சாவு என்பதும் பொய். எரிகிற வரை பயமில்லை என்பதும் பொய். மூச்சுத் திணறலுக்குக் காரணமான கரியமில வாயுவைப் பற்றி அது தெளிவாக எதுவும் சொல்வதில்லை.

சோடாக் கடைத் தொட்டியும் வெள்ளெலியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்பெயினின் பார்சலோனாவில் நார்சிஸ் மொந்துரியோல் ‘இக்தினேயோ’ என்ற மர நீர்மூழ்கிகளைக் கட்டினார். சுண்ணாம்பால் கரியமில வாயுவைப் பிடிக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது கலத்தில் இன்னொரு படி மேலே போனார். பொட்டாசியம் குளோரேட், துத்தநாகம், மாங்கனீசு டையாக்சைடு இவற்றை வினைபுரியச் செய்து, வரும் வெப்பத்தால் நீராவி எஞ்சினை ஓட்டினார். உடன் பிறக்கும் ஆக்சிஜனை மூச்சுக்குச் சேமித்தார். ஒரே அடுப்பில் இயக்கமும் உயிரும். அறிவு வென்றது, பணம் தோற்றது. கடனுக்காக அந்தக் கலம் 1868இல் உடைத்து விற்கப்பட்டது.

1894இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சைமன் லேக் பைன் பலகைகளை இரட்டை அடுக்காக வைத்து, இடையே தார்பூசிய துணியைப் பரப்பி, 14 அடி நீளத்தில் ‘ஆர்கொனாட் ஜூனியர்’ என்ற பெட்டியைக் கட்டினார். காற்றைச் சேமிக்க அவர் வாங்கியது சோடாக் கடையில் பயன்படும் தொட்டி. அதில் காற்றை ஏற்றியது குழாய்க்காரரின் கைப்பம்பு. கிடைத்ததைக் கொண்டு கட்டும் கொட்டகைக் கலைஞனின் குணம் அன்றே முழுமையாக வந்துவிட்டது. இன்று தீயணைப்பான் சிலிண்டரையும் பழைய ஆஸ்பத்திரி வால்வையும் கைவசப்படுத்த அலைகிறவர்கள் லேக்கின் வாரிசுகள்தான்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பெட்ரோல் எஞ்சின் பொருத்திய கடற்படை நீர்மூழ்கிகள் வந்தன. அவற்றோடு வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் வந்தது. பிரிட்டிஷ் கடற்படை தன் ஆரம்பகாலக் கலங்களில் கூண்டில் வெள்ளெலிகளை வைத்திருந்தது. சிறு உடம்பில் மூச்சோட்டம் வேகமாக நடப்பதால் மனிதனுக்கு முன்பே எலி சுருண்டுவிடும். எலி துடித்தால் ஆட்கள் மேலே வருவார்கள். சுரங்கங்களில் சிறு உயிர்களை இப்படி மானியாக வைக்கச் சொன்னவர் ஸ்காட்லாந்தின் உடலியல் அறிஞர் ஜே.எஸ். ஹால்டேன். 

திருப்பம்: எதிரி யார் என்று தெரிந்தது

இந்தத் துறையில் அன்றையும் இன்றையும் பிரிக்கும் கோட்டைக் கிழித்தவரும் அதே ஹால்டேன்தான். மூடிய பெட்டிக்குள் தானே உட்கார்ந்து, காற்று கெடக் கெட உடம்பில் நடப்பதைக் குறித்துக்கொண்டார். நம்மை மூச்சிரைக்க வைப்பது ஆக்சிஜன் குறைவதைவிடக் கரியமில வாயு கூடுவதுதான் என்பதை 1905இல் பிரீஸ்ட்லி என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை நிலைநாட்டியது.

ஒரு சின்னக் கணக்கு இதை விளக்கும். ஒற்றையாள் நீர்மூழ்கியில் ஆள் உட்கார்ந்தபின் எஞ்சும் காற்று ஒரு கன மீட்டர், அதாவது 1000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆக்சிஜன் 209 லிட்டர். உட்கார்ந்தபடி கலத்தை ஓட்டுகிறவர் மணிக்குச் சுமார் 25 லிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு சுமார் 20 லிட்டர் கரியமில வாயுவை விடுகிறார். இரண்டு மணி நேரத்தில் ஆக்சிஜன் 16 சதவீதத்துக்கு வந்திருக்கும். ஊட்டியில் நிற்பவர் நெஞ்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ அவ்வளவுதான். அதனால் அங்கே யாரும் மயங்கி விழுவதில்லை. ஆனால் அதே இரண்டு மணி நேரத்தில் கரியமில வாயு 0.04 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கு ஏறியிருக்கும். நூறு மடங்கு. தலை இடிக்கும், மூச்சு வாங்கும், எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதே மறக்கும். ஆக்சிஜன் தீர்வதற்கு வெகுமுன்பே ஆள் செயலிழந்திருப்பார்.

இந்த உண்மைக்கு மிகக் கொடிய சான்று 1939 ஜூன் 1 அன்று கிடைத்தது. லிவர்பூல் விரிகுடாவில் சோதனை ஓட்டத்துக்கு இறங்கிய பிரிட்டிஷ் நீர்மூழ்கி ‘தீட்டிஸ்’ மேலே வரவில்லை. உள்ளே கப்பல்தளத் தொழிலாளர்கள் உட்பட 103 பேர், வழக்கமான எண்ணிக்கையைப் போல் இருமடங்கு. நான்கு பேர் மட்டுமே தப்பினர். அங்கே என்ன நடந்திருக்கும் என்று அறிய, ஹால்டேனின் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் நண்பர்கள் சிலரோடு இரும்பு அறைக்குள் பூட்டிக்கொண்டு கெட்ட காற்றைச் சுவாசித்துப் பார்த்தார். இந்த மகன்தான் 1957இல் இந்தியாவுக்கு வந்து குடியுரிமை பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.

எதிரி கரியமில வாயுதான் என்று தெரிந்ததிலிருந்தே, தீட்டிஸுக்கு முன்பே, கருவியும் மாறத் தொடங்கியிருந்தது. 1934இல் பெர்முடா தீவருகே வில்லியம் பீபும் ஓட்டிஸ் பார்ட்டனும் எஃகுக் கோளத்தில் 3,028 அடி இறங்கினார்கள். கோளத்தின் விட்டம் 4 அடி 9 அங்குலம்தான். ஆக்சிஜன் சிலிண்டர், கரியமில வாயுவைப் பிடிக்க சோடா லைம் தட்டு, ஈரத்தைப் பிடிக்க கால்சியம் குளோரைடு தட்டு. இம்மூன்றும்தான் அவர்களின் காற்று ஏற்பாடு. காற்றைத் தட்டுகளின் மேல் ஓட்டுவதற்குத் தொடக்கத்தில் அவர்கள் எடுத்துச் சென்றது ஓலை விசிறி! இன்று வீட்டில் கட்டப்படும் நீர்மூழ்கியின் காற்று ஏற்பாடும் இதே மூன்று உறுப்புகள்தான். விசிறி மட்டும் மின்சாரத்துக்கு மாறியிருக்கிறது.

கொட்டகையில் இன்று

1970களில் ஜார்ஜ் கிட்ரெட்ஜ் என்ற ஓய்வுபெற்ற அமெரிக்க நீர்மூழ்கி அதிகாரி மெய்ன் மாநிலத்திலிருந்து ‘கே-250’ போன்ற சிறு கலங்களின் வரைபடங்களை விற்றார். ஒரே ஆள், 250 அடி ஆழம். வரைபடத்தைப் பார்த்து வெல்டிங் தெரிந்தவர் கட்டிவிடலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. பிறகு கார்ல் ஸ்டான்லி பதின்பருவத்திலேயே தன் முதல் கலத்தைக் கட்டத் தொடங்கினார். அவர் அடுத்துக் கட்டிய ‘ஐடபெல்’ ஹோண்டுராஸின் ரோட்டான் தீவில் பயணிகளை 2,000 அடி ஆழம் வரை கூட்டிச் செல்கிறது.

இன்றைய கொட்டகைக்காரர் காற்றை எப்படி அமைக்கிறார்?

முதலில் உறிஞ்சி. சோடா லைம் என்பது கால்சியம் ஹைட்ராக்சைடோடு சிறிது காஸ்டிக் சோடா சேர்ந்த வெள்ளைக் குருணை. மயக்க மருந்து இயந்திரங்களிலும் இதுதான் பயன்படுகிறது. தீரத் தீர ஊதா நிறமாகும் வகையும் உண்டு. ஒரு கிலோ குருணை நடைமுறையில் 100 லிட்டருக்குச் சற்று மேல் கரியமில வாயுவைப் பிடிக்கும். அதாவது ஒருவருக்குச் சுமார் ஐந்து மணி நேரம். குருணையை டப்பாவில் நிரப்பி, சிறு மின்விசிறியால் அறைக்காற்றை அதன் வழியே இழுக்க வேண்டும். விசிறிக்குக் கலத்தின் முதன்மை பாட்டரியை நம்பாமல் தனி பாட்டரி வைப்பது நல்ல பழக்கம். மின்சாரமே போய்விட்டால், முகமூடியோடு இணைத்த உறிஞ்சி டப்பா வழியே வாயாலேயே மூச்சு விடும் ஏற்பாடும் உண்டு. கடற்படைகள் லித்தியம் ஹைட்ராக்சைடு திரைகளைத் துணி போலத் தொங்கவிடும். அவற்றுக்கு விசிறியே வேண்டாம்.

அடுத்தது ஆக்சிஜன். மருத்துவச் சிலிண்டர் ஒன்று, அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவில் சொட்டவிடும் ஓட்டமானி. இங்கே ஓர் அழகான நுட்பம் இருக்கிறது. கரியமில வாயு முழுக்க உறிஞ்சப்பட்டு, ஆக்சிஜன் எதுவும் சேர்க்கப்படாவிட்டால் அறையின் அழுத்தம் மெல்ல இறங்கும். செலவான அளவு ஆக்சிஜன் சேர்ந்தால் பழைய நிலைக்கு வரும். எனவே துல்லியமான ஓர் அழுத்தமானி, பழைய விமான உயரமானியே போதும், ஆக்சிஜன் செலவை மறைமுகமாகக் காட்டிக்கொடுக்கும். அழுத்தம் ஏறினால் எங்கோ சிலிண்டர் கசிகிறது. இறங்கினால் ஆக்சிஜன் போதவில்லை. மின்னணுச் சாதனம் இல்லாத இந்த மானியை அனுபவசாலிகள் இன்றும் கழற்றுவதில்லை. வெப்பநிலை மாறினாலும் முள் நகரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

புதிதாகக் கட்டுகிறவர்கள் தவறும் இடமும் ஒன்று உண்டு. ‘காற்று கெட்டால் ஸ்கூபா சிலிண்டரைத் திறந்துவிட்டால் ஆயிற்று’ என்று நினைப்பார்கள். அறை மூடியிருக்கிறது. உள்ளே வரும் காற்று வெளியே போக வழியில்லை. ஏற்கெனவே இருக்கும் கரியமில வாயு ஒரு துளியும் குறையாது. சதவீதம் குறைந்தது போலத் தெரிந்தாலும், உடம்பு உணர்வது அதன் பகுதி அழுத்தத்தைத்தான், அது அப்படியே இருக்கும். மறுபுறம் ஒரு கன மீட்டர் அறையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று வந்தால் 50 நிமிடத்தில் அழுத்தம் இருமடங்காகும். கூடு வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்குக் கட்டப்பட்டது. உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தோடு மேலே வந்து மூடியைத் திறந்தால் அது முகத்தில் அறையும். ஸ்கூபா சிலிண்டர் மிதவைத் தொட்டியிலிருந்து நீரை வெளியேற்றவும், புகை சூழ்ந்தால் முகமூடி வழியே சில நிமிடம் தப்பவும் உதவும். அறைக்காற்றைப் புதுப்பிக்க உதவாது.

அதிக ஆக்சிஜனும் ஆபத்தே. 23.5 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணத் துணியும் மூர்க்கமாக எரியும். ஆக்சிஜன் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு படவே கூடாது. ஆக்சிஜன் தரும் இரசாயனக் கட்டிகளைக் கொட்டகையில் தொடாமலிருப்பதே மேல். 2000இல் ரஷ்ய நீர்மூழ்கி ‘குர்ஸ்க்’ மூழ்கியபின் பின்பகுதியில் உயிரோடிருந்த 23 பேரின் முடிவை விரைவாக்கியது அத்தகைய கட்டி நீரில் பட்டு எழுந்த தீதான். 2007இல் பிரிட்டனின் ‘டயர்லெஸ்’ நீர்மூழ்கியில் அவ்வகைச் சாதனம் வெடித்து இருவர் இறந்தனர்.

மானிகளின் புரட்சி

உண்மையான புரட்சி நடந்தது கண்காணிப்பில். 1940இல் அமெரிக்கப் படைக்கு நீர்மூழ்கியின் ஆக்சிஜனை அளக்க ஒரு கருவி தேவைப்பட்டபோது, ஆக்சிஜன் காந்தத்தால் ஈர்க்கப்படும் என்ற பண்பைக் கொண்டு லைனஸ் பாலிங் ஒரு மானியை வடித்தார். அது ஆய்வகப் பொருள். கொட்டகைக்கு வந்து சேர்ந்தது வேறு வகை. உள்ளே ஈயத்துண்டு கொண்ட சிறு மின்கலம், ஆக்சிஜனின் அளவுக்கேற்ப சில மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைத் தரும். கரியமில வாயுவுக்கு அகச்சிவப்பு ஒளிச் சென்சார். அந்த வாயு 4.26 மைக்ரோமீட்டர் அலையை விழுங்கும் பண்பை அது பயன்படுத்துகிறது. இரண்டையும் ஒரு சிறு கணிப்பலகையில் இணைத்து, எல்லை தாண்டினால் கூவும்படி செய்ய ஒரு பொறியியல் மாணவரால் முடியும். அன்று எட்டுப் பேரின் உயிருக்கு ஒரு மெழுகுவர்த்திதான் மானி. இன்று நொடிக்கு நொடி வரைபடம்.

ஆனால் மலிவான மானிக்கும் சுபாவம் உண்டு. ஆக்சிஜன் மின்கலம் ஓரிரு ஆண்டில் கிழடு தட்டும். குளிர்ந்த கூட்டில் வியர்த்து அதன் சவ்வில் நீர் படிந்தால் பொய் சொல்லும். வீடு, அலுவலகத்துக்கென விற்கும் கரியமில வாயு மானிகள் பல 0.5 சதவீதத்தோடு நின்றுவிடும். உள்ளே 3 சதவீதம் ஏறினாலும் அவை அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். சில மானிகள் கடந்த ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவைத் திறந்தவெளிக் காற்று என்று எண்ணித் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். மூடியே கிடக்கும் கலத்தில் அந்தத் திருத்தம் விபரீதம். கொரோனாவுக்குப் பிறகு எல்லோர் வீட்டிலும் உள்ள விரல்நுனி ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பதும் பிசகு. ஆக்சிஜன் சொட்டிக்கொண்டிருக்கும் வரை அது 98 என்றே காட்டும். கரியமில வாயுவால் தலை சுற்றுவது அதற்குத் தெரியாது.

எனவே தேர்ந்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மானி, தனித்தனி பாட்டரி என்று வைக்கிறார்கள். ஆக்சிஜனுக்கு மூன்று வைத்து, இரண்டு ஒத்துப்போவதை நம்புகிறவர்களும் உண்டு. கூடவே, கைப்பம்பால் காற்றை இழுத்தால் நிறம் மாறும் கண்ணாடிக் குழல்கள். மின்சாரம் வேண்டாத சாட்சி. ஈய-அமில பாட்டரி உள்ள கலத்தில் மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வரும், கடல்நீர் பட்டால் குளோரின் வரும். அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1973 கற்றுத்தந்தது

கருவி இருந்தும் மனிதர் இறந்த கதையும், கருவி போதாமலும் பிழைத்த கதையும் ஒரே ஆண்டில் நடந்தன.

1973 ஜூன் 17 அன்று ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் அருகே ‘ஜான்சன் சீ லிங்க்’ என்ற நான்கு பேர் கலம், மூழ்கிக் கிடந்த கப்பலொன்றின் இடிபாட்டில் சிக்கியது. முன் அறை அக்ரிலிக் கோளம், பின் அறை அலுமினியம். அலுமினியம் குளிரைக் கடத்தியது. குளிரில் உறிஞ்சியின் வினை மந்தமானது. ஆக்சிஜன் இருந்தும் பின் அறையில் இருந்த இருவர் கரியமில வாயுவால் இறந்தனர். இறந்தவரில் ஒருவர் அந்தக் கலத்தை வடிவமைத்த எட்வின் லிங்கின் மகன். முன் அறையில் இருந்தவர்கள் பிழைத்தனர். உறிஞ்சி எவ்வளவு இருக்கிறது என்பதோடு அது எந்த வெப்பநிலையில் வேலை செய்யப்போகிறது என்பதும் வடிவமைப்பின் கேள்விதான் என்பதை இரண்டு உயிர்கள் கற்றுத்தந்தன.

இரண்டு மாதம் கழித்து அயர்லாந்துக்குத் தென்மேற்கே ‘பைசீஸ் 3’ சுமார் 1,575 அடி ஆழத்தில் விழுந்தது. ரோஜர் மாலின்சனும் ரோஜர் சாப்மனும் உள்ளே. அந்த முழுக்குக்கு முன் மாலின்சன் பாதி தீர்ந்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை மாற்றி முழுச் சிலிண்டர் வைத்திருந்தார். இருவரும் பேச்சைக் குறைத்து, அசையாமல் படுத்து, உறிஞ்சி விசிறியையும் இடைவெளி விட்டு ஓட்டி 76 மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். மேலே கொண்டுவந்து மூடியைத் திறந்தபோது 12 நிமிட ஆக்சிஜன்தான் மிச்சம். அவர்களைக் காத்தது மீட்புக் கப்பல்களோடு, அவர்களது ஒழுங்கும்தான்.

அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான், 1977இல், மனிதர் உட்காரும் அழுத்தக் கலங்களுக்கான அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் விதித்தொகுப்பு முதன்முதலாக வெளிவந்தது. இன்று சான்று பெறும் சிறு கலங்களில் வழக்கமான பயண நேரத்துக்கு மேல் குறைந்தது 72 மணி நேர அவசரக் கையிருப்பை எதிர்பார்க்கிறார்கள். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேருக்கெனக் கட்டிவரும் ‘மத்ஸ்யா 6000’ கலத்துக்கு 12 மணி நேரப் பயணமும் 96 மணி நேர அவசரக் கையிருப்பும் இலக்கு. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதன் முதல் நீர்ச்சோதனைகள் நடந்தன. அரசு நிறுவனத்துக்குக் குழுவும் விதியும் தணிக்கையும் உண்டு. கொட்டகைக்காரருக்கு விதி கட்டாயமில்லை. அதனால்தான் அவருக்கு அது கூடுதலாகத் தேவை.

தீர்ப்பு

அன்று அறியாமை கொன்றது. டேவுக்குத் தெரியாது, ஹன்லியில் இருந்தவர்களுக்கு அரைகுறையாகத் தெரியும். இன்று அறிவுக்கும் கருவிக்கும் பஞ்சமில்லை. ஆபத்து இடம் மாறி, மானியின் எண்ணைக் கேள்வி கேட்காமல் நம்புவதில் போய் உட்கார்ந்திருக்கிறது. காலாவதியான சென்சாரை ‘இன்னும் ஒரு முறை’ என்று ஓட்டுவதும், அலாரம் அடித்தும் ‘இன்னும் பத்து நிமிடம்’ என்று இருப்பதும், ஹன்லியில் சுடர் அணைந்தபின் வாய்மூடி உட்கார்ந்திருந்த அதே வீம்புதான். கருவி முன்னேறியிருக்கிறது, மனிதன் அவ்வளவு முன்னேறவில்லை.

ஆகவே கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலத்தைத் தண்ணீரில் இறக்குமுன், நிழலான இடத்தில் நிலத்திலேயே வைத்து மூடியை அடைத்து, திட்டமிட்ட பயணத்தைவிட அதிக நேரம் உள்ளே உட்காருங்கள். வெளியே ஒருவர் இருக்கட்டும். நொடியில் திறக்கும்படி மூடி இருக்கட்டும். கால் மணிக்கு ஒருமுறை ஆக்சிஜன், கரியமில வாயு, அழுத்தம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனாலும், 23.5ஐத் தாண்டினாலும், கரியமில வாயு 0.5 சதவீதத்தைத் தொட்டாலும் சோதனையை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். பிறகு அதே சோதனையைக் குளிரான இரவிலும் செய்யுங்கள். நிலத்தில் தேறாத காற்று ஏற்பாடு நீருக்கடியில் தேறப்போவதில்லை.